மூடிய தட்டுக்குள் ஓர் உலகம்

நுழையும்முன்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரி வளர்ப்புப் பயிற்சி தொடங்கும்போது ஆசிரியர் சில கட்டளைகளை இடுவார். கம்பி வளையத்தைச் சுடரில் செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சிய பின்னரே பயன்படுத்த வேண்டும். தட்டின் மூடியைச் சற்றே சாய்த்துத் திறந்து உடனே மூடிவிட வேண்டும். நுண்ணுயிரி வளர்ந்தபின் அம்மூடியைத் திறக்கவே கூடாது. இவை யாவும் மாணவரின் நலம் கருதி விதிக்கப்பட்டவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் இவற்றுள் பல, உண்மையைப் பிழையின்றிக் காண வேண்டும் என்னும் வேட்கையால் முதன்முதலில் பிறந்தவை. அவ்வேட்கையைத் தம் வாழ்வாகக் கொண்ட ஒரு மருத்துவரின் வரலாறு இது.

சுரங்க நகரின் சிறுவன்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைத்தொடரில் கிளவுஸ்தால் என்னும் ஊர் உள்ளது. சுரங்கத் தொழிலால் வாழ்ந்த ஊர் அது. அங்கே சுரங்கப் பொறியாளர் ஒருவரின் மகனாக 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் இராபர்ட் கோக் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதின்மூன்று குழந்தைகளுள் இவர் மூன்றாமவர். ஐந்து வயதிலேயே செய்தித்தாளைத் துணைகொண்டு தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டார் என்பர். பாசிகளையும் பூச்சிகளையும் கனிமங்களையும் தேடித்தேடிச் சேர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. கப்பலேறித் தொலைநாடுகளைக் காண வேண்டும் என்னும் கனவும் இருந்தது.

1862இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மருத்துவம் பயின்று 1866இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு உடற்கூறியல் கற்பித்தவர் யாகோப் ஹென்லே. தொற்றுநோய்களை உயிருள்ள நுண்பொருள்களே உண்டாக்குகின்றன என்று 1840ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். ஆனால், அதனை மெய்ப்பிக்கும் வழி அவருக்கும் கிட்டவில்லை. அவர் காலத்தில் வேறு எவருக்கும் கிட்டவில்லை. ஆசிரியர் விட்டுச்சென்ற அந்த வினாவுக்கு மாணவர் விடை காண இன்னும் பத்தாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

1867இல் எம்மி பிராட்ஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு கெர்ட்ரூட் என்னும் மகள் பிறந்தாள். குடும்பப் பொறுப்பு வந்தபின் கடற்பயணக் கனவு பின்னுக்குச் சென்றது. சிற்றூர்கள் சிலவற்றில் மருத்துவம் பார்த்தார். 1870இல் மூண்ட பிரெஞ்சு – பிரஷ்யப் போரில் மருத்துவராகப் பணியாற்றினார். பின்பு 1872இல் வோல்ஸ்டைன் என்னும் சிறு நகரத்திற்கு மாவட்ட மருத்துவ அலுவலராகச் சென்றார். இன்று அந்நகரம் போலந்து நாட்டில் உள்ளது.

திரைக்குப் பின்னால் ஓர் ஆய்வுக்கூடம்

வோல்ஸ்டைன் பகுதியில் ஆடுமாடுகள் அடைப்பான் நோயால் மடிந்துகொண்டிருந்தன. ஆந்த்ராக்ஸ் என்று இன்று நாம் குறிப்பிடும் நோய் அது. காலையில் மேய்ச்சலுக்குச் சென்ற ஆடு மாலைக்குள் இறந்துவிடும். அதன் குருதி கருத்துக் கெட்டியாகும். அக்குருதியில் கோல் வடிவிலான நுண்பொருள்கள் காணப்படுவதை வேறு சிலர் முன்னரே கண்டிருந்தனர். அவை உயிருள்ளவையா, நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. கால்நடைகளே செல்லாமல் பல ஆண்டுகள் கிடந்த மேய்ச்சல் நிலத்திலும் திடீரென நோய் தோன்றியது எவ்வாறு என்பதும் புதிராகவே இருந்தது.

கோக்கிடம் பல்கலைக்கழகமும் இல்லை, உதவியாளரும் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியைத் திரையிட்டுத் தடுத்து அதையே தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். ஊசி வாங்கும் வசதியை எதிர்பாராமல் மெல்லிய மரச்சிம்புகளைச் சூடாக்கித் தூய்மை செய்து, நோயுற்ற விலங்கின் குருதியில் தோய்த்துச் சுண்டெலியின் வாலடியில் செருகினார். மறுநாள் எலி இறந்தது. அதன் குருதியிலும் அதே கோல்கள் காணப்பட்டன. அதிலிருந்து இன்னோர் எலிக்கு, அதிலிருந்து மற்றோர் எலிக்கு எனத் தொடர்ந்தார்.

இதனால் மட்டும் அவர் நிறைவடையவில்லை. குருதியோடு கலந்து வேறு ஏதேனும் நச்சுப்பொருள் எலிக்குள் சென்றிருக்கலாம் அல்லவா? கோல்களை உடலுக்கு வெளியே தனியே வளர்த்தால்தான் ஐயம் தீரும். மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீர்மம் அவருக்குக் கைகொடுத்தது. அதில் ஒரு துளியைக் கண்ணாடி வில்லையின் அடியில் தொங்கவிட்டு, இறந்த எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த சிறு துணுக்கை அதில் இட்டு, காற்றுப் புகாதவாறு மூடி, உடல் வெப்பநிலையில் வைத்தார். நுண்ணோக்கியின் வழியே மணிக்கணக்காக நோக்கியிருந்தார். கோல்கள் நீண்டன, நூலிழைகளாய்ப் பின்னின, பின்னர் அவ்விழைகளுக்குள் ஒளிரும் மணிகள்போல் அகவித்துகள் தோன்றின. வறட்சியையும் குளிரையும் பல ஆண்டுகள் தாங்கிக்கிடக்கும் ஆற்றல் இவ்வித்துகளுக்கு உண்டு. கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலத்தின் புதிர் அங்கே அவிழ்ந்தது.

1876ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் தம் எலிகளையும் கண்ணாடி வில்லைகளையும் எடுத்துக்கொண்டு பிரெஸ்லா நகருக்குச் சென்று, தாவரவியல் பேராசிரியர் பெர்டினாண்ட் கோன் முன்னிலையில் தம் ஆய்வினை மூன்று நாள்கள் செய்து காட்டினார். பெயர் அறியாத ஒரு சிற்றூர் மருத்துவரின் கடிதத்தைப் புறக்கணிக்காமல் அழைத்துக் கேட்ட கோனின் பெருந்தன்மையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் நடத்திவந்த ஆய்விதழிலேயே கோக்கின் கட்டுரை அவ்வாண்டு வெளிவந்தது. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரியே காரணம் என்பது முதன்முறையாக ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது.

உருளைக்கிழங்குத் துண்டு சொன்ன செய்தி

1880இல் கோக் பெர்லின் நகரிலிருந்த பேரரசு நலவாழ்வு அலுவலகத்திற்கு அழைக்கப்பட்டார். இப்போது அவருக்கு ஆய்வுக்கூடமும், பிரெடரிக் லோஃப்லர், கியோர்க் காஃப்கி என்னும் திறன்மிக்க இரு உதவியாளர்களும் கிடைத்தனர். ஆயினும் பெரும் இடையூறு ஒன்று குறுக்கே நின்றது.

அக்காலத்தில் நுண்ணுயிரிகளைச் சாற்றிலோ குழம்பிலோதான் வளர்த்தனர். நீர்மத்தில் பல வகைகள் ஒன்றாகக் கலந்துவிடும். காற்றிலிருந்து விழும் ஒரே ஓர் அயல் நுண்ணுயிரி விரைந்து பெருகி, தேடிய நுண்ணுயிரியை மறைத்துவிடும். எந்த உயிர் எந்த நோயைத் தந்தது என்று எவ்வாறு பிரித்தறிவது? அடைப்பான் கோல்கள் உருவில் பெரியவை. அதனால் வோல்ஸ்டைனில் தப்பித்தார். மற்ற நோய்களில் அவ்வாய்ப்பு இல்லை.

வேகவைத்து அறுத்து வைக்கப்பட்ட உருளைக்கிழங்கு அவருக்கு வழிகாட்டியது. திறந்து கிடந்த கிழங்கின் வெட்டுமுகத்தில் சில நாள்களில் வெவ்வேறு நிறங்களில் சிறு சிறு புள்ளிகள் தோன்றின. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சிறிதளவு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரு புள்ளிக்குள் ஒரே வகை உயிரே இருந்தது. திண்மப் பரப்பில் விழுந்த நுண்ணுயிரி வேறிடம் நகர இயலாமல், விழுந்த இடத்திலேயே பெருகித் தன் இனத்தை மட்டும் கொண்ட காலனியாகிறது. நிறமுடைய பாக்டீரியாக்கள் கிழங்குத் துண்டில் இவ்வாறு வளர்வதைப் பிரெஸ்லாவில் யோசஃப் ஷ்ரோட்டர் முன்னரே கண்டு எழுதியிருந்தார். கண்டவர் பலராக இருக்கலாம். அதிலிருந்து ஒரு முறையியலையே கட்டியெழுப்பியவர் கோக்.

கிழங்கில் எல்லா நுண்ணுயிரிகளும் வளர்வதில்லை. அதன் பரப்பு ஒளிபுகாதது. வெண்ணிறப் புள்ளிகள் அதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி உறையவைத்தார். பிளாட்டினக் கம்பியைச் சுடரில் காய்ச்சி, ஆறவிட்டு, அதனால் நுண்ணுயிரியைத் தொட்டு உறைந்த பரப்பில் கோடுகளாக இழுத்தார். முதற்கோட்டில் நெருக்கமாக விழுந்தவை இறுதிக் கோட்டில் ஒன்றிரண்டாய்ப் பிரிந்தன. தூசி விழாதிருக்கத் தகட்டின்மேல் மணி வடிவக் கண்ணாடிக் கவிகையைக் கவிழ்த்து வைத்தார். தூய வளர்ப்பு என்னும் கலை இவ்வாறு பிறந்தது. 1881இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டின்போது, பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர் உள்ளிட்ட அறிஞர்கள் முன்னிலையில் கோக் இம்முறையைச் செய்து காட்டினார்.

கருவிகளை எவ்வாறு தூய்மை செய்வது என்பதையும் அதே ஆண்டில் கோக்கும் அவர்தம் உதவியாளர்களும் முறையாக ஆராய்ந்தனர். உலர்ந்த வெப்பத்தைவிட நீராவி விரைவாகவும் உறுதியாகவும் அகவித்துகளை அழிக்கிறது என்று கண்டனர். இன்று மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் காணும் அழுத்தக் கொதிகலன், பின்னாளில் அவ்வழியில் வளர்ந்த கருவியே ஆகும்.

சமையலறையிலிருந்து வந்த கடற்பாசி

ஜெலட்டினிலும் குறைகள் இருந்தன. மனித உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியசில் அது உருகிவிடும். மனிதருக்கு நோய்தரும் நுண்ணுயிரிகள் பலவும் நன்கு வளர்வது அந்த வெப்பநிலையில்தான். போதாக்குறைக்கு, சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே உணவாகக் கொண்டு நீராக்கிவிடும்.

கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் பணியாற்றினார். அவருடைய மனைவி பேனி ஹெஸ்ஸே, நியூயார்க்கில் பிறந்தவர். கணவரின் ஆய்வுகளுக்கு உதவியதோடு நுண்ணுயிரிக் காலனிகளை வண்ண ஓவியங்களாகவும் தீட்டிவந்தார். கோடையில் வளர்ப்பு ஊடகம் உருகிப்போவதைக் கண்டு வருந்திய கணவருக்கு அவர் ஒரு வழி சொன்னார். தம் வீட்டில் இனிப்புக்கூழையும் பழப்பாகையும் உறையவைக்க அவர் அகார் அகார் என்னும் பொருளைப் பயன்படுத்திவந்தார். ஜாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பம் ஒன்றிடமிருந்து இளமையில் அவர் கற்றுக்கொண்டது அது. நம் நாட்டில் நோன்புக்காலத்தில் சில இல்லங்களில் கடற்பாசி என்ற பெயரில் செய்யப்படும் இனிப்பும் இதே பொருளால் ஆனதுதான். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார், கொதிநிலையை அண்டிய வெப்பத்தில் உருகும். ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழே உறையும். உறைந்தபின் உடல் வெப்பநிலையில் உருகாது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் செரிக்கவும் இயலாது. கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கும்.

1882இல் வெளியிட்ட காசநோய்க் கட்டுரையில் அகாரைப் பயன்படுத்தியதைக் கோக் போகிற போக்கில் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே இணையரின் பெயர் அதில் இல்லை. இன்று உலகின் எந்த நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்திலும் அகார் இல்லாத நாளில்லை. பேனி ஹெஸ்ஸேயின் பெயரை அறிந்தோரோ மிகச் சிலர். கோக்கின் பெருமையைப் பேசும் இடத்தில் இக்குறையையும் சொல்லிவிடுவதே முறை.

எஞ்சியிருந்தது மூடி. தகட்டையும் மணிக்கவிகையையும் கையாள்வது எளிதாக இல்லை. கவிகையை எடுக்கும்போதெல்லாம் காற்றிலுள்ள தூசி உள்ளே விழுந்தது. கோக்கின் உதவியாளர்களுள் ஒருவரான யூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி, 1887இல் தட்டையான வட்டக் கண்ணாடித் தட்டொன்றையும், அதைவிடச் சற்றே அகன்ற மற்றொரு தட்டை மூடியாகவும் அமைத்தார். அதனை விவரிக்க அவருக்கு மிகச் சிறிய கட்டுரையே போதுமானதாக இருந்தது. பெட்ரித்தட்டு என அவர் பெயரால் வழங்கும் அக்கலத்தின் மூடியைத் திறக்காமலேயே உள்ளிருப்பதை நோக்கலாம். வெளியிலுள்ளது உள்ளே புகாது. உள்ளே வளர்வது வெளியே வாராது.

தெரிந்து தெளிவோம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பெட்ரித்தட்டுகளை ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் வைத்து வளர்ப்பதே வழக்கம். 37 பாகையில் வைத்தால் மனித உடலில் வாழப் பழகிய, நோய்தரும் நுண்ணுயிரிகள் பெருக வாய்ப்பு மிகுதி. மூடியை இரண்டு அல்லது நான்கு இடங்களில் மட்டும் ஒட்டுநாடாவால் பிணைப்பர். சுற்றிலும் முழுமையாக ஒட்டினால் காற்று தடைப்பட்டு, உயிர்வளியின்றி வாழும் தீங்கு தரும் வகைகள் வளரக்கூடும். தட்டைக் கவிழ்த்து வைப்பதால் மூடியில் படியும் நீர்த்துளி காலனிகளின்மேல் சொட்டாது. உடற்பகுதிகளிலிருந்தோ, கழிப்பறையிலிருந்தோ, கழிவுநீரிலிருந்தோ நுண்ணுயிரி எடுத்து வளர்க்கலாகாது. பயிற்சி முடிந்ததும் தட்டுகளைத் திறவாமல் அழுத்தக் கொதிகலனில் 121 பாகை வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடங்கள் வைத்த பின்னரே அகற்ற வேண்டும்.

ஒரு மாலைப் பொழுது

காசநோய் ஐரோப்பாவை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. இறப்போருள் ஏழில் ஒருவர் இந்நோயால் இறப்பதாகக் கோக் கணக்கிட்டார். பரம்பரைக் குறை என்றனர் சிலர். வறுமையும் கெட்ட காற்றும் காரணம் என்றனர் வேறு சிலர். காசநோய்க்கட்டிகளில் எந்த நுண்ணுயிரியும் எவர் கண்ணுக்கும் தென்படவில்லை. கோக் புதிய சாயமுறைகளைக் கையாண்டார். மெத்திலின் நீலத்தில் நெடுநேரம் ஊறவைத்துப் பழுப்புச் சாயத்தையும் சேர்த்தபோது, பழுப்புப் பின்னணியில் மெல்லிய நீலநிறக் கோல்கள் வெளிப்பட்டன.

கண்டதோடு நிறைவடையும் இயல்பு அவருக்கு இல்லை என்பதை முன்னரே பார்த்தோம். அந்தக் கோல்களை வளர்க்க முயன்றார். வழக்கமான ஊடகங்களில் அவை வளரவில்லை. விலங்கின் குருதியிலிருந்து பிரித்த தெளிநீரை மென்மையாகச் சூடேற்றிக் கெட்டியாக்கி, சோதனைக் குழாயில் சாய்வாக உறையவைத்து அதில் இட்டார். மற்ற பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும். இதுவோ முதல் வாரம் முழுவதும் எதையும் காட்டவில்லை. குழாய்களை எறிந்துவிடாமல் காத்திருந்தார். இரண்டாம் வாரத்தில் உலர்ந்த சிறு செதில்கள்போல் காலனிகள் தோன்றின. அவ்வளவு நாள்கள் ஓர் அயல் நுண்ணுயிரியும் புகாமல் அந்தக் குழாய்களைக் காத்ததிலேயே அவருடைய வெற்றி அடங்கியிருந்தது. ஒரே ஒரு முறை கை தவறியிருந்தால், மெதுவாக வளரும் காசநோய்க் கிருமியை வேறு ஏதோ ஒன்று மூடி மறைத்திருக்கும். பின்னர் அவ்வளர்ப்பிலிருந்து எடுத்து கினியா எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்குக் காசநோய் வந்தது.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் மாலை, பெர்லின் உடலியங்கியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் இதனை அறிவித்தார். சிறிய அறை. மேசை முழுவதும் நுண்ணோக்கிகளும் சோதனைக் குழாய்களும் கண்ணாடி வில்லைகளும். கோக் சொல்வன்மை மிக்கவர் அல்லர். மெதுவாகவும் தயங்கித் தயங்கியும் பேசினார். பேசி முடித்ததும் கைதட்டல் எழவில்லை. மறுப்புரை கூறவும் எவரும் எழவில்லை. அங்கிருந்தோர் எழுந்துசென்று ஒருவர்பின் ஒருவராக நுண்ணோக்கிகளில் குனிந்து பார்த்தனர். அவர்களுள் இளைஞர் பால் எர்லிக்கும் ஒருவர். உலகக் காசநோய் நாள் இன்று மார்ச் 24ஆம் நாளில் கடைப்பிடிக்கப்படுவது இக்காரணத்தால்தான்.

அலெக்சாண்டிரியாவும் கல்கத்தாவும்

1883இல் எகிப்தில் காலரா பரவியது. நோய்க்குக் காரணம் தேடிப் பிரெஞ்சுக் குழு ஒன்றும், கோக் தலைமையில் ஜெர்மன் குழு ஒன்றும் அலெக்சாண்டிரியா நகருக்குச் சென்றன. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இரு நாடுகளுக்கிடையே கசப்பு மாறவில்லை. பாஸ்டருக்கும் கோக்குக்கும் இடையிலும் கடுமையான சொற்போர் நடந்துகொண்டிருந்தது. அந்நிலையில் செப்டம்பர் மாதத்தில் பிரெஞ்சுக் குழுவின் இளைய உறுப்பினரான லூயி துய்லியே காலராவுக்கு ஆளாகி உயிர்நீத்தார். முப்பது வயதைக்கூட எட்டாதவர். கோக் தம் குழுவினருடன் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டு மலர்வளையம் வைத்து வணங்கினார். தாம் நாள்தோறும் கையாள்வது எத்தகைய பொருள் என்பதை அவர்கள் அனைவரும் அன்று கண்முன் கண்டனர்.

எகிப்தில் நோய் தணிந்துவிட்டது. ஆய்வை முடிக்காமல் திரும்ப மனமில்லாத கோக், காலராவின் பிறப்பிடமாகக் கருதப்பட்ட வங்காளத்திற்குச் செல்ல இசைவு பெற்றார். 1883 டிசம்பரில் கல்கத்தாவை அடைந்தார். இளமையில் கண்ட கடற்பயணக் கனவு நாற்பதாவது வயதில் இவ்வாறு நிறைவேறியது. அங்கே இறந்தோரின் குடலிலிருந்து காற்புள்ளிபோல் வளைந்த பாக்டீரியாவைப் பிரித்துத் தூய வளர்ப்பாக வளர்த்தார். 1854இலேயே இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாச்சினி இதனை நுண்ணோக்கியில் கண்டிருந்தார். ஆனால், உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. வளர்த்துக் காட்டியதுதான் கோக்கின் பங்கு.

கல்கத்தாவின் புறப்பகுதியில் ஒரு குளத்தைச் சுற்றி வாழ்ந்தோரிடையே காலரா பரவியது. மக்கள் அக்குளத்திலேயே குளித்தனர், துணி துவைத்தனர், அந்நீரையே குடித்தனர். முதலில் நோயுற்று இறந்தவரின் துணிகளும் அங்கேயே துவைக்கப்பட்டிருந்தன. அக்குளத்து நீரில் கோக் அதே வளைந்த பாக்டீரியாவைக் கண்டார். நோய் தணியத் தணிய நீரில் அதன் எண்ணிக்கையும் குறைந்தது. காய்ந்தால் இக்கிருமி விரைவில் இறந்துவிடுகிறது, ஈரத்திலேயே வாழ்கிறது என்பதையும் தம் வளர்ப்புகளின் வழியே அறிந்தார்.

ஒரு குறை இருந்தது. எந்த விலங்குக்கும் காலராவை உண்டாக்க அவரால் இயலவில்லை. தூய வளர்ப்பால் நோயை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்பது அவர் தாமே வகுத்த அளவுகோல். அதனைக் காலரா நிறைவு செய்யவில்லை. நாடு திரும்பிய பின்னர் பெர்லினில் மருத்துவர்களுக்குக் காலராப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். அதில் பங்கேற்ற மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கூடத்து வளர்ப்பிலிருந்தே நோய் தொற்றி, பின்னர் நலமடைந்தார். நகரில் அப்போது காலராவே இல்லை. ஆகவே, அந்நோய்க்கு ஆய்வுக்கூடத்து வளர்ப்பைத் தவிர வேறு மூலம் இருக்க இயலாது. கோக் தேடிய சான்று, எவரும் விரும்பாத வழியில், தூய்மை விதி எங்கோ சற்றுத் தளர்ந்த ஒரு கணத்தில் வந்து சேர்ந்தது.

மூடப்பட்ட மருந்து

1885இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் நலவாழ்வியல் பேராசிரியரானார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். லோஃப்லர் தொண்டை அடைப்பான் கிருமியையும், காஃப்கி டைபாய்டு கிருமியையும், ஜப்பானிலிருந்து வந்த கிட்டசாட்டோ டெட்டனஸ் கிருமியையும் தூய வளர்ப்பாகப் பெற்றனர். அனைவர் கையிலும் இருந்தது கோக் வகுத்த முறையே.

இந்நிலையில்தான் அவர் வாழ்வின் பெரும் சறுக்கல் நிகழ்ந்தது. 1890இல் பெர்லினில் நடைபெற்ற பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், காசநோயைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டறிந்ததாகத் தெரிவித்தார். நவம்பரில் அது மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. நோயாளிகள் இரயில் இரயிலாகப் பெர்லினை நோக்கித் திரண்டனர். அம்மருந்து எதனால் ஆனது என்பதை மட்டும் கோக் வெளியிடவில்லை. ஒவ்வோர் ஆய்வையும் பிறர் முன் திறந்து காட்டி, அவர்களும் செய்துபார்க்கட்டும் என்று வாழ்ந்த மனிதர், முதன்முறையாகத் தம் செய்முறையை மறைத்தார். அவரை அதற்குத் தூண்டியவை புகழா, பொருளா, மேலிடத்து நெருக்கடியா என்பது குறித்து வரலாற்றாசிரியர்கள் பலவாறு எழுதியுள்ளனர். மருந்து குணப்படுத்தவில்லை. சிலருடைய நிலை மோசமடைந்தது, சிலர் இறந்தனர். இறந்தோரின் உடலை ஆராய்ந்த ருடால்ஃப் விர்ச்சோ, மருந்துக்குப்பின் நோய் புதிய இடங்களுக்குப் பரவியிருந்ததைக் காட்டினார். 1891 தொடக்கத்தில், அது காசநோய்க் கிருமியின் கிளிசரின் வடிநீரே என்று கோக் வெளிப்படுத்த வேண்டியதாயிற்று.

டியூபர்குலின் எனப்பட்ட அப்பொருள் முற்றிலும் வீணாகிவிடவில்லை. காசநோய்க் கிருமி ஒருவர் உடலில் புகுந்துள்ளதா என்பதைக் கண்டறியும் தோல் சோதனைக்கு அது பின்னாளில் பயன்பட்டது. நம் மருத்துவமனைகளில் மாண்டூ சோதனை என்று சொல்லிக் கையில் போடப்படும் ஊசி அதன் வழித்தோன்றலே.

1891இல் அவருக்கெனத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனம் பெர்லினில் தொடங்கப்பட்டது. 1893இல் எம்மியுடனான மணவாழ்வு முறிந்தது. ஹெட்விக் ஃபிரைபெர்க் என்பவரை மணந்தார்.

ஒரு தெருவின் இரு புறங்கள்

1892இல் ஹாம்பர்க் நகரைக் காலரா தாக்கியது. 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனை ஒட்டியிருந்த அல்ட்டோனா நகரத்தில் நோய் மிகக் குறைவு. இரு நகரங்களும் எல்பே ஆற்று நீரையே குடித்தன. எல்லையில் ஒரே தெருவின் இரு புறங்களிலும் வீடுகள் இருந்தன. ஹாம்பர்க் ஆற்றுநீரை அப்படியே குழாயில் விட்டது. அல்ட்டோனா மணற்படுகையில் வடிகட்டிய பின்னரே விட்டது. மணலின்மேல் படியும் வழவழப்பான மெல்லிய படலமே நுண்ணுயிரிகளைத் தடுத்து நிறுத்துகிறது என்பதைக் கோக் விளக்கினார். வடிகட்டிய நீரில் பாக்டீரியாக்களை எண்ணிப் பார்க்கவும் அவர் அறிவுறுத்தினார். எண்ணுவதற்குப் பயன்பட்டவை காலனி வளர்க்கும் தட்டுகளே.

காலராக் கிருமி மட்டுமே நோயைத் தராது என வாதிட்ட முதியவர் மாக்ஸ் பெட்டன்கோஃபர், அவ்வாண்டு அக்டோபரில் கிருமி வளர்ப்பைத் தாமே குடித்துக் காட்டினார். சிறிய வயிற்றுப்போக்கோடு தப்பினார். அவர் தப்பியது நற்பேறு. அதே செயலைச் செய்த அவருடைய மாணவர் கடுமையாகவே நோயுற்றார்.

பின்னைய ஆண்டுகளைக் கோக் பெரும்பாலும் பயணத்திலேயே கழித்தார். தென்னாப்பிரிக்காவில் மாடுகளைத் தாக்கிய வெக்கை நோயையும், 1897இல் பம்பாயில் பிளேக்கையும், பின்னர் ஆப்பிரிக்காவில் தூக்கநோயையும் ஆராய்ந்தார். மாட்டுக் காசநோய் மனிதருக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது என்று 1901இல் கூறிய அவருடைய கருத்து பின்னர் தவறென நிறுவப்பட்டது. காசநோய் ஆய்வுக்காக 1905இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1908இல் ஜப்பான் சென்றபோது பழைய மாணவர் கிட்டசாட்டோ அவரை வரவேற்றுப் போற்றினார்.

1910 ஏப்ரலில் காசநோய் பற்றிய தம் இறுதி உரையை பெர்லின் அறிவியல் கழகத்தில் வழங்கினார். சில நாள்களில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. ஓய்வுக்காகப் பாடன் பாடன் என்னும் ஊருக்குச் சென்ற அவர், மே 27ஆம் நாள் அங்கே காலமானார். அவருடைய விருப்பப்படி உடல் எரியூட்டப்பட்டது. பெர்லினில் அவர் பெயரால் இன்று வழங்கும் நிறுவனத்தின் கட்டடத்திற்குள், ஆய்வுக்கூடங்கள் இயங்கும் அதே கூரையின்கீழ், ஒரு சிறிய அறையில் அவருடைய சாம்பல் வைக்கப்பட்டுள்ளது.